லக்காக் குஞ்சுக்கு நான்கு கைகள்

அப்பாவுக்கு வாதம் வந்த பிறகு எங்கள் வீட்டுக்குள் புதிதாக வந்து சேர்ந்தவை நிறைய. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வாசற்படிக்குச் சிமெண்டுச் சரிவு, மேசை மேல் காலை, மதியம், இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரை டப்பா. இதற்கெல்லாம் பழகிவிட்டோம். ஒன்றுக்குத்தான் பழக முடியவில்லை. அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நடை திரும்பிவிட்டது. பேச்சும், நின்று நின்று, திரும்பிவிட்டது. வலது கை மட்டும் பாதி மூடிய நிலையிலேயே தங்கிவிட்டது. இடது கையில் கரண்டி பிடிக்கப் பழகினார், ஆனால் அதை யாரும் பார்க்கக் கூடாது. உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சில கரண்டிகளில் முடித்துவிடுவார். "போதும்" என்ற சத்தத்தோடு தட்டு வெளியே வரும். பாதிச் சோறு அப்படியே இருக்கும். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் வலது கை துண்டுக்கு அடியில் போய்விடும்.

குவைத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகளை மேல்மாடிக்கு ஏற்றி, அங்கே நிற்பவர் காட்டும் சைகைக்குத் தகுந்தாற்போல் விரலளவு விரலளவாக இறக்கி வைப்பாராம். ஒரு கீறல் விழாதாம். அந்தக் கைதான் இது.

மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் அக்கா என்னிடம் விரிவாகவே சொல்லி அனுப்பியிருந்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒன்றைப் பிடிக்கப் பழக வேண்டும், அது வந்துவிட்டால் மற்ற விரல்கள் பின்னாலேயே வரும் என்றார். தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைதான் என் வேலை. எதையும் வகை பிரித்து வரிசைப்படுத்தாமல் எனக்குக் கை ஓடாது. துணிக் கிளிப், கோலிக்குண்டு, பெரிய மணி, சின்ன மணி என்று எளிதிலிருந்து கடினம் வரை வாங்கி, கிண்ணங்களில் பிரித்து அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் கிண்ணங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் என்ன, பால்வாடிக்கா போறேன்?"

கிண்ணங்கள் ஷோகேஸ் மேல் ஏறிவிட்டன.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறம்பக்குடியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. மடியில் சுமந்து வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்பதற்கு முன்பே பஸ் கதையைத் தொடங்கிவிட்டாள்.

"பொட்டியில என்னன்னு கண்டக்டர் கேட்டான். தக்காளின்னேன். மழையூரு தாண்டறதுக்குள்ள தக்காளி குர்ரு குர்ருன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. பஸ்ஸே சிரிக்குது. அவன் ஒண்ணுஞ் சொல்லலையே, நல்ல பய."

பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு புறாக்கள். துவைத்து நீலம் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. சந்தையில் இருந்த புறாக்களிலேயே சுத்தமான ஜோடியாகப் பார்த்து எடுத்தேன் என்றாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. புறாவை அறுத்து, ரத்தம் சூடாக இருக்கும்போதே விளங்காத கையில் பூசித் தேய்ப்பார்கள். கறியை மிளகு போட்டுச் சமைத்துக் கொடுப்பார்கள். புறாவை எதற்கெல்லாம் வளர்ப்பார்கள் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், கோவிலுக்கும் வாதத்துக்கும் என்று இரண்டே பதில்தான் சொல்லியிருப்பேன்.

"டாக்டர் இதெல்லாம் சொல்லலையே அத்தை" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

"டாக்டரு மாத்திரை குடுத்தாரு ஆத்தா, கையைக் குடுத்தாரா?"

அப்பா நாற்காலியிலிருந்து சொன்னார். "வேணாம்க்கா."

"நீ சும்மா இரு. ஒனக்குக் கையும் வெளங்கல, நல்லது சொன்னா அதும் வெளங்கல." சொன்ன கையோடு எழுந்து போய், அப்பாவின் வாயோரத்தில் இருந்த எச்சிலைத் தன் முந்தானையால் துடைத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை திருப்பிய பக்கமாகப் போய் நின்று மறுபடி துடைத்தாள். "எம் முன்னாடி என்னடா வெக்கம்? நீ டவுசர் இல்லாம ஓடுனதப் பாத்தவ நான்."

அரிவாள்மனை வந்துவிட்டது. ஆனால் அறுப்பதற்கு ஆள் வேண்டும். அத்தைக்குக் கோழி அறுக்கவே மனசு வராது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுத்த வீட்டுத் தம்பியக் கூப்புடுறேன் அண்ணி, புறா விசயமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

எதிர்வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் திருக்கோகர்ணத்திலேயே அவரைப் போலப் புறாப் பைத்தியம் இன்னொருவர் இருக்க மாட்டார். புறாவை அறுக்கப் போயும் போயும் அவரையா கூப்பிடுவது என்று அப்போது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா அதைத் தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவர் வந்து குனிந்து ஒரு புறாவை எடுத்தார். கால்கள் இரண்டும் விரலிடுக்கில், இறக்கை நுனி பெருவிரலுக்குக் கீழே. இன்னொரு கையால் வாலை மெல்லத் தடவினார். அது சீட்டுக்கட்டை விரித்ததுபோல் வட்டமாக விரிந்து நின்றது. அப்பாகூட நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"லக்கா! லக்காவப் போயி யாராச்சும் வெட்டுவாங்களா அத்தே? இது வால விரிச்சு ஆடுறதுக்குன்னே வளக்குற சாதி. இதோட ரத்தத்துல என்ன மருந்து இருக்கப் போகுது? வாதத்துக்குன்னா மாடப்புறாதான் சொல்லுவாங்க. அதும் இப்பல்லாம் யாரும் வெட்டுறதில்ல. உசுரோட இருக்க புறாவோட எறக்கைக் காத்துப் பட்டாலே போதும்."

மாடப்புறா, இறக்கைக் காற்று என்ற இந்த விவரத்தில் எவ்வளவு அவர் கேள்விப்பட்டது, எவ்வளவு கையில் இருந்த பறவைக்காக அந்த நிமிடமே கட்டியது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இறக்கைக் காற்றைப் பற்றி அத்தையும் கேள்விப்பட்டிருந்தாள். அரிவாள்மனையைக் காலால் தள்ளிவிட்டு, "அப்ப காத்துக்காவது ஆகட்டும். சும்மாவா தூக்கிட்டு வந்தேன்?" என்றாள்.

எதிர் வாசலிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "அத்தே, அவருகிட்ட புறாவக் காட்டாதீங்க! எனக்கு ஒரு கொலுசு வாங்கித் தர வக்கில்ல, புறாவுக்குக் கொலுசு மாட்டி அழகு பாக்குற மனுசன்!"

"அது சத்தம் போடாமக் கொலுசு போட்டுக்குதுல்ல?" என்றார் அண்ணன்.

கூண்டு ஒன்று தருகிறேன் என்று அவர் சொன்னதால் அன்று முதல்முறையாக அவர் மொட்டை மாடிக்கு ஏறினேன். தினமும் காலையில் அங்கிருந்து வரும் விசிலைக் கேட்டுத்தான் எழுவேன், ஆனால் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பழைய பீரோக்களும் மரப்பெட்டிகளும் அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு அறைக்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் அறையில் சாதாப் புறாக்கள், பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் காலையில் ஏறினால் பொழுதுக்கும் இறங்காமல் வானத்திலேயே நிற்பதற்கு. அடுத்தது கர்ணப் புறா, பறக்கும்போதே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பதற்கு. மார்பு அகன்ற ஹோமர், எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் பந்தயத்தில் வீடு வந்து சேர்வதற்கு. மூலையில் கோழி கணக்காகத் தடித்த கிங், அது கறிக்கு. "ஆனா நான் அறுக்குறதில்ல. சும்மா திங்குது" என்றார். கழுத்தைச் சுற்றி இறகுப் போர்வை போர்த்திய ஜாக்கோபின் ஒன்று, யாரையும் பார்க்காமல் நின்றது. அதை வளர்ப்பதற்கு அந்தப் போர்வையே காரணம்.

எனக்கு அந்த மாடி மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் கம்பெனி ஸ்டோர் ரூம்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

கூண்டு எங்கள் பின்வாசல் தாழ்வாரத்துக்கு வந்தது. அப்பாவின் நாற்காலியும் அதன் பக்கத்துக்குப் போயிற்று, அத்தையின் உத்தரவு. ஆனால் அவள் கணக்கில் ஒரு பிழை இருந்தது. லக்கா பறப்பதில்லை. பறக்கத் தெரியாது என்றில்லை. அந்த வாலை வைத்துக்கொண்டு பறப்பது அதற்குப் பெரிய தொந்தரவு. கழுத்தைப் பின்னால் வளைத்து, மாரை நிமிர்த்தி, நடுங்கிக்கொண்டே நாலு எட்டு நடக்கும். அவ்வளவுதான். இறக்கை விரியவே விரியாது. அத்தை கூண்டுக்கு முன் முறத்தை வைத்து வீசிப் பார்த்தாள்.

"எந்திரிச்சுப் பறங்கடி! கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாளுக."

"நீதாங்க்கா... காத்து... அடிக்கிற" என்றார் அப்பா. வாதம் வந்த பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது என்று நினைக்கிறேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அத்தை ஊருக்குப் போனாள். அப்பா தாழ்வாரத்தில் உட்காரப் பழகினார். சாப்பாடு மட்டும் பழையபடி உள்ளறையில், சுவரைப் பார்த்து.

லக்கா ஜோடி முட்டையிட்டது. இரண்டும் மாற்றி மாற்றி அடைகாத்து இரண்டு குஞ்சுகள் பொரித்தன. செய்தி கேட்டு அத்தை அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள், கையில் ஒரு பை பூண்டோடு. "நான் வாங்கியாந்த புள்ளைக்குப் பிரசவம் ஆயிருக்கு, பூண்டு இல்லாம வரலாமா?" என்றாள்.

குஞ்சு பொரித்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு குஞ்சு ஊதிப் பெருத்தது. மற்றது அப்படியே இருந்தது. தாயோ தகப்பனோ இரை கொண்டுவந்தால் பெரியது முதலில் கழுத்தை நீட்டி வாங்கிக்கொள்ளும். சின்னது நீட்டுவதற்குள் இரை தீர்ந்துவிடும். எதிர்வீட்டு அண்ணன் சின்னதைத் தூக்கி, கழுத்துக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார். இரைப்பை காலிப் பை மாதிரி தொங்கியது.

"இத விட்டா நாளைக்குத் தாங்காது. பச்சப்பயற ஊற வச்சு, வாயத் தொறந்து ஒவ்வொண்ணாப் போட்டு விடுங்க. காலைல ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம். இந்தப் பை உருண்டையானா நிறுத்திருங்க."

அவர் ஒரே ஆளாகச் செய்து காட்டினார். அவருக்கு இரண்டு கை போதும். எங்களுக்கு நான்கு கை தேவைப்பட்டது. குஞ்சைத் துணியில் சுற்றி அசையாமல் பிடிக்க ஒரு கை, தலையைத் தாங்க ஒன்று, அலகைப் பிரிக்க ஒன்று, பயறைப் போட ஒன்று. காலையும் மாலையும் நானும் அத்தையும் செய்தோம். நான் வேலைக்குப் போய்விடும் மதியம்தான் சிக்கல். அம்மாவுக்கு இறகு முளைக்காத குஞ்சைக் கண்டாலே உடம்பு கூசும், தொடமாட்டாள். "மதியத்துக்கு நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றாள் அத்தை. எப்படி என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் தொழிற்பேட்டையில் மின் நிறுத்தம் என்று எங்களை முன்மதியத்திலேயே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, பின்பக்கச் சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அத்தையின் குரல் கேட்டது.

"கண்ணுல குத்துற தம்பி! வாயி இங்கிட்டு இருக்கு, இங்கிட்டு!"

சந்திலேயே நின்றுவிட்டேன். கிராதி இடைவெளியில் தாழ்வாரம் தெரிந்தது. அப்பாவின் மடியில் துணி. துணிக்குள் குஞ்சு. இடது கை குஞ்சைப் பிடித்திருந்தது, அந்தக் கைதான் நழுவவிடாமல் பிடிக்கும். அத்தை எதிரில் மணையில் உட்கார்ந்து, ஒரு கையால் தலையைத் தாங்கி, இன்னொரு கையால் அலகைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கையும் தீர்ந்தது. அப்பாவுக்கு மிச்சம் இருந்தது வலது கை ஒன்றுதான்.

துண்டு தரையில் கிடந்தது.

அந்தக் கை கிண்ணத்துக்குள் போயிற்று. விரல்கள் பயறைத் தேடின. ஒன்று அகப்பட்டு வழுக்கி விழுந்தது. மறுபடி போயிற்று. இந்த முறை பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு பயறு நின்றது. ஊறிய பயறு எவ்வளவு வழுக்கும் என்று காலையும் மாலையும் அதைப் பிடிக்கும் எனக்குத் தெரியும். என் வரிசையில் அதைச் சேர்த்திருந்தால் சின்ன மணிக்கும் அப்பால், கடைசியில் வைத்திருப்பேன்.

கை ஆடிக்கொண்டே அலகுக்கு மேலே வந்தது.

"அசையாமப் பிடிக்கா" என்றார் அப்பா.

"நான் எங்க அசையிறேன்? ஒங் கைதான் திருவிழாத் தேரு மாதிரி வருது."

"கொஞ்சம் தூக்கு. போதும். நிப்பாட்டு." அது கிரேன் பேச்சு. அந்தக் குரலை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வார்த்தைக்கு நடுவில் தடங்கல்கூட இல்லை. விரல்கள் பிரிந்தன. பயறு உள்ளே விழுந்தது. குஞ்சு விழுங்கியது கழுத்தில் தெரிந்தது. கை மறுபடி கிண்ணத்துக்குப் போயிற்று.

நான் உள்ளே போகவில்லை. அப்பா பார்த்துவிட்டால் கை துண்டுக்குள் போய்விடும் என்று பயந்தேன். சந்தில் வெயில் நேராக இறங்கியது. வண்டியைத் தாங்கிக்கொண்டு, இரைப்பை நிரம்பி அத்தை "போதும்ப்பா, உருண்டுருச்சு" என்று சொல்லும்வரை அங்கேயே நின்றேன். பிறகு சத்தம் வராமல் திரும்பி, முன்வாசல் வழியாக, வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அடுப்படியில் அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன். முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடலாமே என்று அப்பா சொன்னதற்கு, "அவ வந்தா நாலு வீட்டுக்குச் சொல்லுவா, நம்மளே பாத்துக்கலாம்" என்றாளாம். முதல் நாள் போட்டதில் பாதிக்கு மேல் தரையில்தான் விழுந்ததாம்.

"இடது கையில போடுறேன்னுதான் நின்னான். அப்ப புள்ளைய யாரு பிடிக்கிறது, ஒங்கப்பத்தா வந்து பிடிப்பாளான்னேன்." பூண்டை உரித்துக்கொண்டே சொன்னாள். "பாத்தியா ஆத்தா, எறக்கைக் காத்து பட்டுருச்சு. அந்த டாக்டருகிட்ட போயிச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். பிசியோதெரபி அக்காவிடம் பயறு விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குஞ்சு தானாகத் தின்ன ஆரம்பித்த பிறகும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சின்னக் குஞ்சு பிழைத்தது. இறகு முளைத்தது, வால் முளைத்தது. ஆனால் வால் விரியும்போது ஒரு பக்கம் சரிந்து, பாதி விரித்த குடை மாதிரி நின்றது. எதிர்வீட்டு அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்காட்சிக்கும் ஆகாது, ஜோடி சேர்க்கவும் யாரும் கேட்க மாட்டார்கள், வேண்டுமானால் நான் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

"குடுக்கிறதில்ல" என்றார் அப்பா.

அத்தை ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு போகிறேன் என்று நின்றது. அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். கூடத்தில் பாய் விரித்து, அத்தைக்கு, எனக்கு, அம்மாவுக்கு என்று மூன்று தட்டுகள். அப்பாவின் தட்டும் கரண்டியும் வழக்கம்போல் உள்ளறையில்.

நாங்கள் உட்காரும்போது அப்பா உள்ளே இருந்து வந்தார். தட்டு இடது கையில் இருந்தது. கரண்டி இல்லை. அத்தைக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல இறங்கி, பாயில் உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஊற்றும்போது கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் வந்தது.

வலது கை தட்டுக்கு வந்தது. சோற்றைப் பிசையவில்லை, பிசைய வராது. ஓரத்தில் கொஞ்சத்தை விரல்களால் ஒதுக்கினார். எடுத்தார். பாதி பாயில் சிந்தியது. மீதி வாய்க்குப் போயிற்று. அடுத்த வாயிலும் சிந்தியது. சட்டையில் குழம்பு வழிந்தது. நான் என் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் அத்தை, அன்று முந்தானையைக்கூடத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "கொழம்புல புளி தூக்கலா இருக்கு" என்றாள்.

"நீ... வச்சா மட்டும்" என்றார் அப்பா.

"நான் வச்சா நீ தட்ட நக்குவ."

நேரம் ஆயிற்று. எங்கள் மூவர் தட்டும் காய்ந்துவிட்டது. எழுந்திருக்க யாருக்கும் மனமில்லை. அப்பாவின் தட்டும் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது. "போதும்" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் சோறு" என்றார்.

அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். போனவள் வரவில்லை. "என்னடி பண்றா, நெல்லுக் குத்துறாளா? போயிப் பாரு" என்று அத்தை என்னைத் தள்ளினாள். போய்ப் பார்த்தேன். அம்மா ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்து, மத்தால் கூழாக மசித்துக்கொண்டிருந்தாள்.

"கொழச்சுக் குடுத்தா கையில நிக்கும்ல?" என்றாள் என்னிடம், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு.

மத்துச் சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"கொழைக்காத. அப்படியே போடு."